ரைஹானத் அக்காவின் இடது பக்கம்

மேலப்பாளையம் பஜாரில் செல்போன் சாமான் விற்கிற கடை என்னுடையது. பெயர் சங்கிலிபூதத்தான். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அடங்காத வாய் ஒன்றைத் தவிர என்னிடம் பயப்பட எதுவும் கிடையாது. இந்தப் பஜாரில் ஹைப்ரிட் ஹெட்செட்டை முதலில் வாங்கித் தொங்கவிட்டவன் நான்தான் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஹைப்ரிட் என்றால் பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கர். ஒன்று கும்மென்ற அடிச் சத்தத்துக்கு, கடுகு மாதிரி இருக்கிற மற்றொன்று மெல்லிய சத்தத்துக்கு. விலை ஆயிரத்துச் சொச்சம்.

அந்த விலைக்கு வருகிற சாமான் அந்த விலைக்கு உண்டான குணத்தோடுதான் இருக்கும். ஒருவர் சத்தம் காதைக் குத்துகிறது என்பார். ஒருவருக்கு மூன்றே மாதத்தில் போனில் செருகுகிற இடத்தில் வயர் விட்டுப்போயிருக்கும். அடிக்கடி வருகிற புகார், ஒரு பக்கம் சத்தம் கம்மி என்பது. வியர்வையும் காது அழுக்கும் முனையிலுள்ள வலையை அடைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சரியாகிவிடும். புகாரோடு வந்தவர் புகாரோடு திரும்பக் கூடாது, அதுதான் என் கடைக் கொள்கை.

அந்தக் கொள்கையால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். ரைஹானத் அக்கா ஒரு காதை இழந்தார். அதில் எனக்குப் பங்கு உண்டு.

அக்காவின் கணவர் காஜா முகைதீன் சவூதியில், தம்மாமில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். மகள் தஸ்மியா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, முப்பது வயதில், அக்கா மதரஸாவில் சேர்ந்தார். கூட உட்கார்ந்து ஓதியதெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைகள். ஐந்து வருஷம் கழித்து, மார்க்கக் கல்வி முடித்த பெண்களுக்குக் கொடுக்கிற ஆலிமா பட்டம் வாங்கினார். கொரோனாவில் எல்லாம் மூடிக்கிடந்தபோது போனிலேயே குர்ஆன் ஓதிக்கொடுக்க ஆரம்பித்தவர், பிறகு அதை விடவில்லை. தம்மாம், துபாய், குவைத் என்று பதினோரு பிள்ளைகள் அவரிடம் ஓதினார்கள். எழுத்தின் உச்சரிப்பு ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார். அதட்டவும் மாட்டார். பிள்ளை சரியாகச் சொல்லும்வரை அப்படியே காத்திருப்பாராம்.

அவர் முதலில் வைத்திருந்த ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கலாம், ஓதிக்கொடுக்க முடியாது. நான் ஹைப்ரிட்டைக் கொடுத்தேன். மறுநாளே வந்து, பிள்ளைகளின் நாக்கு எங்கே தொடுகிறது என்பதுவரை கேட்கிறது என்றார். அவர் சொல்லி இன்னும் நாலைந்து ஆலிமாக்கள் வாங்கிப் போனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் யாராவது ஒரு பக்கம் சத்தம் கம்மி என்று வந்தால், வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாற்றி மாட்டிப் பார்க்கச் சொல்வேன். குறை அடுத்த காதுக்கு மாறினால் கோளாறு ஹெட்செட்டில். அதே காதில் நின்றால் கோளாறு காதில். பத்து நொடி வேலை. பெண்களிடம் இதைச் சொல்லமாட்டேன். முக்காட்டுக்குள் கையை விட்டுக் கழற்று, மாட்டு என்று நடு பஜாரில் எப்படிச் சொல்வது? வாங்கி என் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, அக்கா வந்தார். காலையிலிருந்து இடது பக்கம் திடீரென்று கம்மியாகிவிட்டது என்றார். முக்காட்டுக்குள் வியர்த்து வலை அடைத்திருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, பிரஷ் போட்டு, என் காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கணீரென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று கொடுத்தேன். புதன்கிழமை மறுபடியும் வந்தார். பேச்சுக்கே இடமில்லாமல் புது டப்பாவைப் பிரித்து மாற்றிக் கொடுத்தேன். சனிக்கிழமை மூன்றாவது தடவை வந்து நின்றார்.

“புதுசும் அப்படியேதான் இருக்கு தம்பி. கழட்டி வச்ச பெறகும் காதுக்குள்ள இரைஞ்சுக்கிட்டே கெடக்கு.”

கழற்றி வைத்த ஹெட்செட் எப்படி இரையும்? குறை சாமானில் இல்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை, சத்தியமாக. ஆனால் ஊரே மதிக்கிற ஓர் ஆலிமாவிடம், உங்கள் காதில் அழுக்கு, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பெருநாள் கூட்டம் வேறு, அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

அவருடைய போனை வாங்கினேன். சத்தத்தை இடது காதுக்கும் வலது காதுக்கும் பங்கு போடுகிற கோடு ஒன்று அதற்குள் உண்டு. அதை இடது பக்கமாக நகர்த்தி வைத்தேன். அக்கா மாட்டிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து பேன்சி கடை ஹசன் அலி அண்ணாச்சி, என்ன வித்தை செய்தாய் என்று கேட்டார்.

“சாமானத் திருத்த முடியலன்னா ஆளத் திருத்திர வேண்டியதுதான் அண்ணாச்சி” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் பூரித்துப்போனதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் மதியம் அக்கா வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நடந்ததை அவரே சொன்னார். ஒருநாள் ஹெட்செட் இல்லாமல் போனை இடது காதில் வைத்திருக்கிறார். கணவரின் குரலே வரவில்லை. லைன் கிடைக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். தஸ்மியா வாங்கிப் பார்த்தால் அந்த மனிதர் தம்மாமிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். பிறகுதான் பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். நரம்பு செத்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். திடீரென்று வருகிற இந்த நோய்க்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து கொடுத்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டாம். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ரேஷன் கடையில் இன்றைக்குச் சர்க்கரை வரவில்லை என்பது மாதிரி அக்கா இதைச் சொன்னார்.

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது தடவையாக அவர் என் முன்னால் நின்றது ஆறாவது நாள். அந்தக் கோட்டை நகர்த்தாமல் இருந்திருந்தால், ஏழாவது நாளோ எட்டாவது நாளோ அவரே டாக்டரிடம் போயிருப்பார்.

அக்கா பையிலிருந்து நான் மாற்றிக் கொடுத்த புது ஹெட்செட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“உங்க சாமான்ல ஒரு கொறையும் இல்ல தம்பி. கொறை எங்கிட்ட இருந்திருக்கு. அது தெரியாம, இந்தக் கடையில ஓட்டச் சாமானக் குடுக்காவன்னு அந்த வாரமே மத்த ஆலிமாமார்ட்ட சொல்லிட்டேன். அவங்களும் இங்க வாரத நிறுத்திட்டாங்க. ஒரு ஆளப் பத்திப் புறம் பேசுனா அந்த ஆளே பொறுத்துக்கிடணும், இல்லன்னா மறுமையில எனக்குக் கேள்வி உண்டு. பொறுத்துக்கிட்டேன்னு ஒங்க வாயால சொல்லிருங்க.”

சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவன் நான். அன்றைக்கே எனக்குத் தெரியும் அக்கா, தெரிந்தேதான் மறைத்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும், கடை என்ன ஆகும் என்ற கணக்கு அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜையைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, “பொறுத்துக்கிட்டேன்க்கா” என்று முனகினேன்.

அக்காவுக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பி, வலது காதை என் பக்கமாகக் கொண்டுவந்து நின்றார்.

நான் நிமிர்ந்து, அதையே இன்னொரு முறை, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.