ரஃபீக் பாயைத் திருடன் என்றேன்

புனேயின் கட்கி பகுதியில் சின்னக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய், என் மகளுக்காக ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தார். "வீட்டுக்கு வந்து மாட்டித் தரேன் சார்" என்றார். நாலு வயர் சொருக ஆள் எதற்கு என்று மறுத்துவிட்டு, நானே மாட்டினேன்.

வீட்டில் கேம் திக்கித் திணறியது. விலையில் பாதி, கேமின் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான். பழைய கார்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவுகட்டினேன். புனே தமிழர் வாட்ஸ்அப் குழுவில் கடைப் பெயரைப் போட்டு, 'உஷார், திருடன்' என்று எழுதினேன். எழுத்து நடை நன்றாக வந்ததில் பெருமை வேறு.

ஒரு மணி நேரத்தில் பாய் வாசலில் நின்றார்.

"ரெண்டு ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு சார். தப்பு என்னுதுன்னா கடையையே மூடிடறேன்."

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. பின்பக்கம் குனிந்து, மானிட்டர் வயரை மேலே இருந்த துளையிலிருந்து பிடுங்கி, கீழே இருந்த கார்டின் துளையில் சொருகினார். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"வயர் மதர்போர்டுல இருந்துச்சு சார். கார்டு சும்மா உக்காந்திருந்துச்சு."

"அப்பா, மொதல்ல குரூப்ல எழுதுங்க" என்றாள் மகள், என்னைப் பார்க்காமலே.

எழுதினேன். புகாரைப் பல குழுக்களுக்கு அனுப்பியிருந்தவர்கள், மன்னிப்பை எங்கும் அனுப்பவில்லை. ஆர்டரை ரத்து செய்த இருவர் வீட்டுக்கும் நேரில் போனேன். ஒருவர்தான் திரும்ப ஆர்டர் கொடுத்தார்.

இப்போதெல்லாம் யார்மீது புகார் இருந்தாலும், முதல் போன் குழுவுக்கு இல்லை, அந்த ஆளுக்குத்தான்.