மைக்கை அடைக்கும் விசை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. செனாய் தொழிற்பேட்டையில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டு, வழக்கமான கடையில் ரொட்டி சானாய் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர், வந்த தட்டைத் தொடவில்லை. வலது கை எழவில்லை. கடைக்காரர், "என்ன பாஸ், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல லா" என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு சொல்லோடு அவருடைய பேச்சு நின்றுபோனது.

நின்றுபோனது என்றால் ஊமையாகவில்லை. அந்த இரண்டு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் "இல்ல லா", வலித்தாலும் "இல்ல லா", மகிழ்ச்சியானாலும் அதேதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மலாய்ப் பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்ல நினைப்பதும் சரியாகத்தான் இருக்கிறது, வாய்க்கு வரும்போது மட்டும் அந்த ஒன்றாகவே வருகிறது என்றார். "அவர் பேசுறப்ப நிறுத்திடாதீங்க, புவான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்த வார்த்தை வரணும்" என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அவர் பெரிய பேச்சுக்காரர். நேபாளிப் பையன்களிடம் நேபாளியில் நாலு வார்த்தை, வங்காளதேசத்துக்காரர்களிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை, மலாய்ப் பெண்களிடம் கிண்டல். பஸ்ஸில் ரேடியோ தேவைப்படாது என்பார்கள். அப்படிப்பட்டவர் ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒன்றை வைத்துக்கொண்டே நாள் முழுக்கப் பேசினார். முதல் சில மாதங்களில் நான் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் பாத்ரூம். பாட்டு மாதிரி ஏறி இறங்கினால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். அப்படி ஏழெட்டு வகை எனக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களிடம் நானே மொழிபெயர்ப்பேன். சிலர் சிரித்துவிடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நான் சிங்கப்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை செய்கிறேன். சரக்கு வரவில்லை, உடைந்து வந்தது என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்தால் அதைத் தேடிப் பிடித்துப் பதில் சொல்லும் வேலை. பத்து வருடமாக விடிவதற்குள் கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வந்தவள். அவருக்கு இப்படி ஆனதும், வீட்டிலிருந்து வேலை செய்யட்டுமா என்று கெஞ்சிக் கேட்டேன். ஒத்துக்கொண்டு ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு சிறியது. அவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பதால் ஹாலிலேயே அவர் நாற்காலிக்கு முன்னால் மேசையைப் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

தினமும் இரண்டு ஆன்லைன் கூட்டம் இருக்கும். முதல் வாரத்திலேயே நடந்தது. பினாங்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர். அவரிடம் நான் ஆங்கிலத்தில், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பெட்டிகளும் உங்கள் கையில் இருக்கும் என்று உறுதியாகச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, எனக்குப் பின்னாலிருந்து உரக்க, "இல்ல லா!"

திரையில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இங்கே எல்லா மொழியிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' போதுமானதாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் முடிந்ததும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. உன் நிலைமை புரிகிறது, ஆனால் வாடிக்கையாளர் இருக்கும்போது இப்படிச் சத்தம் வந்தால் எப்படி என்று கேட்டார். முடியாவிட்டால் ஆபீசுக்கே திரும்பி வருவதைப் பற்றி யோசி என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான் போனால் வீட்டில் என் கணவரைப் பார்க்க ஆள் இல்லை.

காதில் மாட்டும் மைக் வாங்கிப் பார்த்தேன். அதிலும் அவர் குரல் கேட்டது. திரையில் இருக்கும் மைக் படத்தை மவுஸால் அழுத்தி அணைக்கலாம்தான். ஆனால் நான் சரக்குப் பட்டியலைத் திறந்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் படம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். நான் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர் மூன்று தடவை பேசியிருப்பார்.

அந்த விசையை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மேசையில் சிந்திவிட்டது. விசைப்பலகையின் மேல் நாலு சொட்டு. ஈரத் துணியால் அவசரமாகத் துடைத்தேன். மேல் வரிசையில் நாலாவது விசையில் புள்ளி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. போச்சு, கம்பெனி சாமானைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் விளக்கமாகப் பேசினேன். எல்லாரும் என்னையே வெறித்துப் பார்த்தார்கள். அந்தத் தமிழ்ப் பெண்தான் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணும் கேக்கல. மியூட்ல இருக்கீங்க."

"நான் எதையும் தொடலையே."

"கீபோர்டுல மேல பாருங்க. மைக் படம் போட்டு குறுக்க ஒரு கோடு இருக்கும். அதுல லைட் எரியுதா?"

எரிந்தது. அழுத்தினேன், அணைந்தது. "ஓகே, இப்ப கேக்குது" என்று திரையில் ஐந்தாறு குரல்கள் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் அந்த விசை என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். இடது கை நடுவிரலை அந்த விசையின் மேலேயே வைத்துக்கொண்டேன். அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டாலே அழுத்திவிடுவேன். அவர் சொல்லி முடித்ததும் மறுபடி அழுத்துவேன். இரண்டு வாரத்தில் எனக்கு அது கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒரு தடவைகூட அவர் குரல் கேட்கவில்லை. மேனேஜர் நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பினார்.

ஆனால் நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முன்பு கூட்டத்துக்கு நடுவிலும் அந்த "இல்ல லா" எந்த வகை என்று காது பிரித்துவிடும். கையைக் காட்டி, இதோ வருகிறேன் என்பேன். இப்போது அவர் வாயைத் திறந்தால் விரல் அழுத்துகிறது, அத்துடன் விஷயம் முடிந்தது. கூட்டம் இல்லாத நேரத்திலும் அவர் பேசினால் என் நடுவிரல் மேசையை அழுத்துவதை ஒரு நாள் கவனித்தேன். சமையலறையில், வெங்காயம் நறுக்கும் பலகையின் மேலும் அப்படி அழுத்தினேன்.

அவர் நான் செய்வதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். வேறு என்ன வேலை அவருக்கு? என் முதுகும், என் கையும், அந்தச் சிவப்புப் புள்ளியும்தான் நாள் முழுக்க அவர் கண்முன்னால் இருந்தன.

அது ஒரு திங்கட்கிழமை காலை. உடைந்து வந்த இயந்திரத்துக்காகக் கோபத்தில் இருந்த ஒரு வாடிக்கையாளரிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். கேமராவும் போட்டிருந்தேன். என் கணவர் நாலு கால் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, காலை இழுத்து இழுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் எதுவும் போடவில்லை. ஊன்றுகோலை மேசையோரம் நிறுத்திவிட்டு இடது கையை நீட்டினார். ஆட்காட்டி விரலால் அந்த விசையை அழுத்தினார். விளக்கு எரிந்ததா என்று குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான், மெதுவாக, "இல்ல லா" என்றார்.

நான் பாதி வாக்கியத்தில் இருந்தேன். திரையில் வாடிக்கையாளர், ஹலோ, ஹலோ என்று முகத்தைச் சுளித்தார். நான் விசையை அழுத்தி, மன்னிக்கவும் என்று தொடர்ந்தேன். என் கணவர் மறுபடி அழுத்தினார். மறுபடி, "இல்ல லா." நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன் என்பது எனக்குச் சாதகமான சொல். அடித்தேன். சுள்ளென்று சத்தம் கேட்டது.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குக் கருகல் வாடை வந்தது. அடுப்பில் பருப்பை வைத்ததை மறந்திருந்தேன். எங்கள் சமையலறை ஒரு படி கீழே இருக்கிறது. அந்தப் படியில் அவரால் தனியாக இறங்க முடியாது. அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். வேலை கெடக் கூடாது என்று நான் செய்வது போலவே மைக்கை அடைத்துவிட்டுச் சொல்ல வந்திருந்தார்.

அடுப்பை அணைத்தேன். பாத்திரம் அடி முழுக்கக் கரியாகியிருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது அவர் நாற்காலிக்குப் போயிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டம் இன்னும் முடியாமல் இருந்தது. முடிந்தபோது சாப்பாட்டு நேரம். அப்புறம் அடுத்த கூட்டம்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அது எனக்கு உறைக்கவே நாலைந்து நாள் ஆனது. இந்த வாரம் வேலை சுலபமாக ஓடுகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடியபோதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வாயால சொல்லுங்களேன். ஒரு தடவ."

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது அந்த மலாய்ப் பெண் கோப்பைப் படத்தைக் காட்டினார், சாவிப் படத்தைக் காட்டினார். இவர் உதட்டைத் திறக்கவில்லை. "வீட்டுல பேசுறாரா?" என்று என்னிடம் கேட்டார். "பேசுவாரு. இப்பக் கொஞ்சம் கம்மி" என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என் கணவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வருடக் கடைசியில் எனக்கு வேலை கழுத்தை நெரிக்கும். சிகாமட்டில் இருக்கும் அவருடைய தங்கை, "ரெண்டு வாரம் இங்க இருக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று வந்து அழைத்துப்போனாள். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் இங்க ஓயாம பேசுறாரு! பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட, மீன்காரன்கிட்ட, எல்லாத்துக்கும் அந்த இல்ல லாதான். சிரிச்சிக்கிட்டே இருக்கோம்."

"நல்லது" என்றேன்.

அழைத்துவர நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தும்போதே அவர் குரல் கேட்டது. ஏறி இறங்கும் அந்த வகை. மாதக்கணக்கில் கேட்காத குரல். காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டேன். பிறகு இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் குரல் நின்றது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலாம். வேலை செய்யும் இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி, அப்படியே அடங்கி உட்கார்ந்தார்.

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக்குள் கூட்டிப்போய், "என்ன நடந்துச்சு அண்ணி?" என்று கேட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விசை, விளக்கு, பருப்பு, அடி. கடைசியில், "நீங்களும் பாவம்தான். தனியா எவ்வளவுதான் பாப்பீங்க. ஆனா அவரு என் அண்ணன்" என்றாள். பிறகு, "இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்றாள்.

வெளியே வந்து அவரிடம் கேட்டேன். "வீட்டுக்குப் போலாமா?"

அவர் காலிலிருந்த செருப்பை இடது காலால் தள்ளிக் கழற்றினார். நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். நான் தனியாகத் திரும்பி வந்தேன். நெடுஞ்சாலையில் குளுவாங் வரை அழுதேன், பிறகு அழுகை வரவில்லை.

இப்போது எனக்கு அந்த விசை தேவைப்படுவதில்லை. வீட்டில் சத்தம் போட யாரும் இல்லை. உன் லைன் இப்போதெல்லாம் மிகத் தெளிவாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

சனிக்கிழமைதோறும் சிகாமட்டுக்குப் போகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வாசலில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உங்க கைய அடிச்சேன். அப்பவே மன்னிப்புக் கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க. உங்க சத்தம் எனக்குப் பாரமா இருந்துச்சு, அதுவும் நெசம்தான்." அவர் முழுவதையும் கேட்டார். மழை பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து நாத்தனார், துணி, துணி என்று கத்தினாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிக் கொடியிலிருந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் நாற்காலியை அவர் ஒற்றைக் கையால் சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தார். நனையவில்லை. அதில் உட்கார்ந்தேன். அன்று அவர் பேசவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் பேசவில்லை. நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.