ஈர்க்கில் குத்திய ஈரல்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், உடுத்தியிருந்த சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குள் போய்விடுவேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் என் கணவரின் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். மூவருக்கும் தல்லாகுளத்தில் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை. மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகள் திறந்திருந்த புதிது அது. அதுவரை ஒளிந்து குடித்தவர்கள் வீட்டு ஹாலில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

என் கணவர் பயிற்சிக்காக ஆறு வாரம் பெங்களூர் போய்வந்ததிலிருந்து காக்டெயில் பைத்தியமாகிவிட்டார். ஜின்னில் எலுமிச்சை பிழிந்து, கோலி சோடாவை உடைத்து ஊற்றி, இரண்டு கரண்டி நன்னாரி சர்பத் விட்டுக் கலக்குவார். தம்ளர் விளிம்பை ஈரப்படுத்திச் சர்க்கரையில் கவிழ்த்து எடுப்பார்.

“இதுக்குப் போயி காராச்சேவும் கடலையும் வச்சா நல்லாவா இருக்கு? நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே. பாக்க நீட்டா எதாச்சும் பண்ணு” என்றார்.

படித்தவள்தான். மிஷன் பள்ளியில் மனையியல் வகுப்பில், விருந்துக்கு முன்னால் கொறிக்கக் கொடுக்கும் சின்னப் பண்டங்களுக்கென்றே தனிப் பாடம் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு வேலையும் வரவில்லை. இப்போது வந்தது. ரொட்டியை ஒரு டப்பா மூடியால் வட்டவட்டமாக வெட்டி நெய்யில் முறுகவிட்டு, அவித்த முட்டையை மிளகோடு மசித்து மேலே தடவுவேன். ஒன்றுக்கு ஒரு மல்லி இலை, அவ்வளவுதான். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி உப்புத் தண்ணீரில் போட்டுப் பிழிந்து சுருட்டுவேன். ஆட்டீரலைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, மிளகும் சோம்பும் போட்டு வறுத்து, தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி அதில் இரண்டிரண்டாகக் குத்தி வைப்பேன். எல்லாவற்றிலும் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன். உப்பு இருந்தால் தம்ளர் சீக்கிரம் காலியாகும் என்பது எனக்குத் தெரியும். தட்டு காலியாவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்த இருவரில் ஒருவர் பட்டாளத்தில் ரிடையராகி அலுவலகத்தில் சேர்ந்தவர். அவர் எதை வைத்தாலும் பார்க்காமல் வாயில் போடுவார். இன்னொருவர் படவரைவாளர். நாகமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒத்தக்கடையில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருந்தார். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் உடனே கை வைக்கமாட்டார். கொஞ்ச நேரம் பார்ப்பார்.

“தங்கச்சி, பிளான் போட்டு வச்ச மாதிரி இருக்கு. கலைக்க மனசு வரலை” என்பார். அந்த வீட்டில் என் கைவேலையை அப்படிப் பார்த்துச் சொன்னவர் வேறு யாருமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் சனிக்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். அவர் மனைவியை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு தம்ளரோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிட்டார். மணி இரண்டு இருக்கும். அடுப்படி வாசலில் வந்து நின்று, “நான் போறேன் தங்கச்சி. காலைல கறி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். அவ காத்துக்கிட்டு இருப்பா. இன்னைக்காவது வீட்ல போயி சாப்பிடணும்” என்றார்.

ஈரல் அப்போதுதான் சட்டியில் சுருண்டு வந்துகொண்டிருந்தது.

“என்னண்ணே, உங்களுக்குன்னுதான் பண்ணுறேன். அஞ்சு நிமிஷம் உக்காருங்க. சுடச்சுட எடுத்துட்டு வாரேன்.”

அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் உட்கார்ந்தார். நான் தட்டைக் கொண்டு போவதற்குள் என் கணவர் அவருக்கு மூன்றாவது தம்ளரைக் கலந்துவிட்டிருந்தார். பிறகு நாலாவது. மூன்றரை மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மேலூர் ரோட்டில் ஓரமாக நின்றிருந்த கல் லாரியின் பின்னால் மோதி அங்கேயே இறந்துபோனார்.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு டெலிபோனில் தகவல் வந்தது. என் கணவர் சட்டையை மாட்டுவதற்கு முன்னால் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனார். “யாரு கேட்டாலும் நம்ம வீட்டுக்கு வரலைன்னு சொல்லு. கவர்மெண்ட் உத்தியோகம், தெரியும்ல?” என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மீந்த ஈரலைக் குப்பையில் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். அழுகை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வேலைநாளில், கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். என் வயசுப் பெண், வெறும் நெற்றி. கையில் மடித்த காகிதங்கள். கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனுக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தவள், யாரிடமோ விலாசம் விசாரித்து வந்திருந்தாள்.

“இங்கதான் வருவாருன்னு சொன்னாங்க. சண்டை போட வரலைக்கா. ஒண்ணு தெரிஞ்சுக்கணும்.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்தாள்.

“ஞாயித்துக்கெழமை ஆபீஸ்ல அவசர வேலைன்னு போவாரு. நான் கறி ஆக்கி வச்சிருப்பேன். வெத்தலை பாக்கு மென்னுக்கிட்டே வந்து ரெண்டு வாய் வச்சுட்டு எந்திரிச்சுருவாரு. கேட்டா வயிறு சரியில்லம்பாரு. டாக்டர்கிட்டகூட இழுத்துட்டுப் போனேன். அப்புறம் என் சமையல்தான் பிடிக்கலைன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில குடிச்ச வாடை அடிச்சப்புறந்தான் தெரிஞ்சது. இங்க என்னக்கா சாப்பிடுவாரு?”

சொன்னேன். அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ரொட்டியில் முட்டை என்றால் எப்படி என்று கேட்டாள். வீட்டில் ரொட்டி இருந்தது. அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய் நாலு துண்டு செய்து தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து மெதுவாகத் தின்றாள்.

“உப்பு கூடுதலா இருக்கே.”

“குடிக்கிறவங்களுக்கு அப்படித்தான் போடுறது.”

தலையை ஆட்டினாள். தட்டைக் கையிலெடுத்துப் பார்த்து, “இம்புட்டூண்டு இருக்கு. இதுலயா வயிறு நெறஞ்சது?” என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். “அன்னைக்குக் கெளம்பும்போது எதாச்சும் சொன்னாராக்கா? வீட்டைப் பத்தி?”

அவர் சொன்னது அப்படியே என் நாக்கில் நின்றது. அதைச் சொன்னால், பிறகு ஏன் போகவில்லை என்று கேட்பாள். நான்தான் உட்கார வைத்தேன் என்று சொல்லவேண்டி வரும்.

“இல்லம்மா. ஒண்ணும் சொல்லலை” என்றேன்.

“சரிக்கா” என்று எழுந்து போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அந்த ஞாயிறுகள் நின்றன. என் கணவர் குடியை விடவில்லை, இடத்தைத்தான் மாற்றிக்கொண்டார். ஒரு தடவை அவரிடம், அன்று கிளம்பியவரை நான்தான் உட்கார வைத்தேன் என்று சொன்னேன். “லாரிக்காரன் நடுரோட்ல நிறுத்துனதுக்கு நீ என்ன பண்ணுவ?” என்றார். லாரி ஓரமாகத்தான் நின்றது என்பது அவருக்கும் தெரியும்.

அவளுக்கு அந்த அலுவலகத்திலேயே பதிவறையில் வேலை கிடைத்தது. விபத்து நடந்து நாலு வருஷம் கழித்து, தல்லாகுளம் பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் சாயங்காலம் அவளைப் பார்த்தேன். கையில் வாழையிலைப் பொட்டலம். மேலே சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, “பிள்ளைகளுக்கா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா, அவருக்கு. இன்னைக்கு வருச நாளு. என் கைச் சமையல்தான் அவருக்கு ஆகாதே. அதான் ஒவ்வொரு வருசமும் கடையில வாங்கிப் படைக்கிறேன். அவரு விரும்பினதையாவது சாப்பிடட்டும்.”

அங்கேயே, ஜனங்களுக்கு நடுவே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு தம்ளரோடு எழுந்தது, அடுப்படி வாசலில் வந்து நின்றது, கறி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றது, நான் ஐந்து நிமிஷம் கேட்டது.

“காத்துக்கிட்டு இருப்பான்னா சொன்னாரு?”

“ஆமா.”

“திரும்பச் சொல்லுங்க.”

திரும்பச் சொன்னேன். “காலைல கறி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். அவ காத்துக்கிட்டு இருப்பா. இன்னைக்காவது வீட்ல போயி சாப்பிடணும்.”

அவள் அழவில்லை. பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“நீங்க உக்காரச் சொன்னதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். விருந்தாளிகிட்ட யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அன்னைக்கு உங்க அடுப்படியில நின்னு கேட்டேன்ல. அப்பச் சொல்லியிருக்கணும். நாலு வருசமாக்கா, நான் வீட்ல கறிச்சட்டியே அடுப்புல வைக்கலை.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டாள். ஒத்தக்கடை பஸ் வந்ததும் கூட்டத்தோடு ஏறிப்போனாள்.

அன்று அவருக்கு எதைப் படைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகும் அதே நிறுத்தத்தில் எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம். நான் சிரிப்பேன். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.