வாசற்படியில் நின்ற சூரியபிரகாஷ்

கல்லூரி முடித்து மூன்று வருஷமாக ஓடைப்பட்டி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த சூரியபிரகாஷ், யாரும் கேட்காமலே ஒரு சாஃப்ட்வேர் எழுதினான். இணையத்தில் கற்பனை டீம் போட்டு விளையாடும் கிரிக்கெட் இருக்கிறதே, அதற்கு. நிஜ மேட்ச் நடக்கும்போதே பந்துக்குப் பந்து விவரம் கொடுத்தால், யாரை நம் டீமுக்குள் இழுத்தால் புள்ளி கொட்டும் என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மேட்சில் அவன் டீம் தேறினால் வேலை என்று சென்னைக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. 2009-இல் அவன் கும்பிட்ட சாமியெல்லாம் அந்த வேலைக்குத்தான்.

சென்டரில் டிவி கிடையாது. நெட்டில் ஸ்கோர் பக்கம் திறப்பதற்குள் ஓவரே முடிந்துவிடும். அதனால் அடுத்த தெருவில், அக்கா வீட்டு டிவி முன்னால் மச்சான் சுந்தர்ராஜை உட்கார வைத்தான். அவர் ஒவ்வொரு பந்தையும் போனில் சொல்ல வேண்டும், இவன் தட்ட வேண்டும். பதினைந்தாவது ஓவர் முடிந்தால் ஆளை மாற்ற முடியாது.

பன்னிரண்டு ஓவர் ஒழுங்காகப் போயிற்று. மிச்சமிருந்ததோ ஒரே மாற்று. புதிதாக இறங்கிய இடதுகைக்காரனை இழுக்கலாமா என்று சொல்ல, சாஃப்ட்வேர் இன்னும் ஓர் ஓவர் விவரம் கேட்டது. அந்த நேரம் பார்த்து போன் கட்டானது. திரும்ப அடித்தால் ரிங் போகிறது, போகிறது, எடுக்க நாதியில்லை. அக்கா வீட்டுக்கு ஓடினான்.

அங்கே போன் தலையணைக்கு அடியில் கிடந்து அலறுகிறது. மச்சான் ஒரு காலை ஸ்டூலில் வைத்தபடி அசையாமல் இருக்கிறார். பூண்டு உரித்த கை உரித்தபடி நிற்க, அக்கா கயல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அவுக போன்ல பேசுனா விக்கெட் விழுகுதுடா தம்பி. அதான் வச்சுட்டாக."

சென்டிமென்டாம், மண்ணாங்கட்டி! டிவியில் பதினாறாவது ஓவர் ஆரம்பித்துவிட்டது. படுபாவி மனுசன், ஒருத்தன் பிழைப்பைத் தலையணையில் போட்டு அமுக்கிவிட்டார். சூரியபிரகாஷ் திட்ட வாயெடுத்தான். அதற்குள் அந்த இடதுகைக்காரன் ஒரு சிக்ஸர் தூக்கினான்.

"மாப்ள, வாசப்படியில ஒரு காலு வச்சிருக்கீல்ல, அங்கனயே நில்லு. அசைஞ்சிராத" என்றார் மச்சான்.

அடுத்த பந்தும் சிக்ஸர். ஒவ்வொன்றும் அவனுக்கு வரவேண்டிய புள்ளி. ஆத்திரத்தில் அழுகையே வந்தது. ஆனாலும் இனி சென்டருக்குப் போய் என்னத்தைத் தட்ட? நின்றான். கடைசிப் பந்தில் நாலு ஓட்டம் வேண்டியிருந்தபோது, மரத்துப்போன காலை எடுக்கப்போனவன், தன்னையறியாமல் அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டான்.

ஜெயித்ததும் மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எல்லாம் அவன் ராசிதானாம்.

சென்னையிலிருந்து அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை. மேட்ச் நாளென்றால் மச்சானிடமிருந்து மட்டும் தவறாமல் வருகிறது, வாசற்படிக்கு வரச்சொல்லி.