இரண்டாவதாகக் கட்டியது

எஸ்தர் மேடம் காலமான செய்தி, குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு காலை வணக்க ரோஜாக்களுக்கு நடுவே வந்தது. முதலில் விழுந்த பதில் ஒரு கட்டைவிரல். போட்டவர் பதறி அழித்துவிட்டார். மேடம் இருந்திருந்தால், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றிருப்பார்.

நிலக்கரிச் சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்க்கும் பிரிவில் நானும் மேடமும் ஒன்றாக வேலை பார்த்தோம். கம்மாபுரம் பக்கம் கூலிக் குடும்பத்தில் பிறந்து, திருச்சபை உதவியில் அமெரிக்கா போய் மண்ணியல் படித்தவர். படித்தது கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் என்று தெரிந்ததும், கிளப்பில் ஓர் அதிகாரி பரிவோடு கேட்டார்.

"ஒரிஜினல் யுனிவர்சிட்டில எடம் கெடைக்கலையா மேடம்?"

"அங்க பூரா நம்மூரு ஆளுங்களா இருந்தாங்க சார். அவங்களப் பாக்கவா பிளைட் ஏறுனேன்?"

அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டது வடக்குத்து அருகே, நிலம் சுரங்கத்துக்குப் போனவர்கள் குடியேறிய ஊரில். மனைகள் புதியவை. ஊருக்கும் காலனிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர்த்தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் இருந்தது. காலனிப் பிள்ளைகள் அங்கே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இன்னொன்று கட்டித் தருகிறோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒற்றையறை வீடுகளில் டிவி சத்தத்துக்கு நடுவே படித்துக்கொண்டிருந்தார்கள். வாங்குவதா, மறுப்பதா? காலனிக்காரர்கள் மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"அமெரிக்காவுல காலேஜ் கட்டச் சொல்லி கவர்மெண்டு நெலம் குடுத்துது. அந்த நெலமும் வேற யாருகிட்டயோ புடுங்குனதுதான்."

"அங்கயுமா?" என்றார் நிலம் போன ஒருவர், சற்று ஆறுதலோடு.

"அங்கயுந்தாங்க. கட்டுன காலேஜ்ல கறுப்புப் புள்ளைங்கள சேக்கல. ஒண்ணு சேத்துக்கோ, இல்லாட்டி அவங்களுக்குத் தனியா கட்டுன்னு சட்டம் வந்துது. பெஞ்சில கொஞ்சம் நவுந்து உக்கார்றதுக்கு இன்னொரு காலேஜ் கட்றதே சுலபம்னு கட்டிட்டானுங்க."

ஒப்பந்தத் தொழிலாளி சின்னராசு எழுந்தார். "அப்ப வேணாம்னு சொல்லிட்டு வூட்லயே உக்காந்துகினு இருக்கலாங்களா?"

"அவங்க வேணாம்னிருந்தா நான் எங்க படிச்சிருப்பேன்? ஒதுக்கி வைக்கத்தான் கட்டுனானுங்க. வாத்தியாருக்குச் சம்பளம் கம்மி, புஸ்தகம் கம்மி. இருந்தும் நல்லா நடத்திக் காட்டுனாங்க. வாசல்ல என்னை நீ யாருன்னு கேக்கல. வாங்கிக்குங்க. பலகைல மட்டும் காலனின்னு போடாதீங்க, எல்லாருக்கும்னு போடுங்க."

"போட்டா அவங்க வருவாங்களா?"

"வராட்டி நமக்கு எடம் தாராளம்."

அந்த வருடம் ஊர்ப் படிப்பகம், சாவி யாரிடம் இருப்பது என்ற தகராறில் பூட்டியே கிடந்தது. எல்லாருக்கும் என்று பலகை மாட்டிய காலனிப் படிப்பகத்தில் மேடம் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சின்னராசுவின் மகள் உட்பட எல்லோரும் தேறினார்கள். மறு வருடம் ஊர்த்தெருக்காரர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தயங்கித் தயங்கிச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். அவர்கள் தெருவில் காலனிக்காரர்களின் அப்பாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். மேடம் என்ன சொல்லப்போகிறார் என்று உள்ளே எல்லோரும் காத்திருந்தோம். அவ்வப்போது கதை எழுதும் எனக்கும் குத்தலாக நல்ல வாக்கியங்கள் சில தோன்றின.

"செருப்பக் கழட்ட வேணாங்க, உள்ள வாங்க. பாப்பா, நீ ஃபேனுக்குக் கீழ உக்காரு."

எஸ்தர் மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். இதைவிடக் கூர்மையாக எதையும் நான் இதுவரை எழுதியதில்லை.