காப்பிச் சக்கை எரிந்த அடுப்பு

புத்தூர் ஆந்திராவிலேயே நிற்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரே வாயடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதுதான் பேச்சு. மாடு கிடையாது, அதனால் வறட்டியும் கிடையாது. நைனாவுக்குக் காப்பி ஹோட்டலில் தண்ணீர் சேந்தும் வேலை. அங்கே வடிகட்டிக் கொட்டுகிற காப்பிச் சக்கையைத் தகர டின்னில் கொண்டுவருவார். அம்மா அதோடு கரித்தூளும் களிமண்ணும் பிசைந்து, உருண்டை பிடித்துப் பாறைமேல் காயவைப்பாள். நின்று நிதானமாக எரியும். மிஞ்சிய சக்கை பாத்திரம் தேய்க்கவும் கனகாம்பரச் செடிக்கு எருவாகவும் போகும். காப்பியைக் குடித்துப் பார்க்க மட்டும் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரே தொல்லை, புகையில் காப்பி மணக்கும். "கதவ சாத்திக்கினு காப்பி குடிக்கிறாளுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் அடுப்பைக் காட்ட வேண்டும்போல எனக்கு ஆத்திரமாக வரும்.

அக்காவைப் பெண் பார்க்கத் திருத்தணிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அக்கா உடைந்துவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தோம். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். உள்ளே அக்கா எங்கள் மத்தியானக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். மகனைப் பார்த்தாள். வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "இன்னா கொற கண்டீங்க?" என்று கேட்டே விட்டாள்.

"கொற எங்க கிட்டதாம்மா. எங்க ஊட்டுல மூணு வேளையும் களிதான். காப்பி குடிச்சி வளந்த பொண்ணு அங்க வந்து இன்னா துன்னும்? அது அழுதா என்னால பாத்துக்கினு இருக்க முடியாது."

அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா களிச்சட்டியோடு வெளியே வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"அடுப்புல எரியறது ஓட்டல் சக்கைங்க. நாங்க துன்றது இதான்."

அந்த அம்மாள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து கைக்குத் தண்ணீர் கேட்டாள். சம்பந்தம் முடிவாகாமல் எங்கள் பக்கத்தில் யாரும் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கிளம்பி வாசல்வரை போயிருந்த மாப்பிள்ளை திகைத்துப்போய் அங்கேயே நின்றார்.

"இன்னாடா நிக்கிற?" என்றாள் அவள். "நீயும் வந்து கைய கழுவு."