சிரிக்கச் சொன்ன பூக்காரம்மா

வெளியூர் போகும் நாள்களில் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடலாம் என்றே எங்கள் வீட்டில் நம்பினோம். சாப்பிட்டால் சிறுநீருக்காக அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். கோயில் பயணத்தின்போது கணவரின் மாத்திரைகளைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தவள் நான்தான்.

மூன்றாம் நாள் திருக்கோஷ்டியூரில் அவருக்குப் பேச்சு குழறியது.

“வெத்தலையத் துப்பிட்டுப் பேசுங்க அத்தான்!” என்று என் தம்பி கேலி செய்தான்.

பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். “அண்ணே, எங்க, ஒரு தடவ சிரிங்க.”

முன்பின் அறியாதவரை எதற்காகச் சிரிக்கச் சொல்கிறார் என்று யோசித்தேன். கணவர் சிரித்தார், வாயின் ஒரு பக்கம் அசையவே இல்லை.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க! எங்க வீட்டுக்காரருக்கு இப்படி வந்தப்ப மோரக் குடுத்துப் படுக்க வச்சிட்டேன்.”

உடனே சேர்த்ததால் பக்கவாதத்திலிருந்து கணவர் மீண்டார். இன்று எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். அந்த அம்மாள் தம் வீட்டில் தனியாக இருக்கிறார்.